ஒரு குழந்தைக்காக ஊர் கூடி நடக்கும்போது...

அது புரட்டாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வைத்தியசாலையைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், பக்கத்துத் தெரு டீச்சரம்மா, கூட இரண்டு காலேஜ் பையன்கள். ஒருவன் கையில் சுருட்டி வைத்த பேப்பர்.

"டாக்டர், நம்ம தெருப் பொண்ணு ஒண்ணுக்குச் சர்க்கரை வியாதி. அஞ்சாம் கிளாஸ்தான் படிக்குது. அப்பா ஜவுளிக் கடையிலே கணக்கு எழுதறார். ஊசிக்கும் டெஸ்ட்டுக்குமே சம்பளத்துலே பாதி போயிடுதாம். அதுக்காக நவம்பர் 14-ஆம் தேதி ஒரு நடைப்பயணம் வைக்கிறோம். நீங்கதான் கொடியசைச்சு ஆரம்பிச்சு வைக்கணும்" என்றார் செயலாளர்.

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத காலத்தில், ஒரு குழந்தைக்காகத் தெருவே சேர்ந்து கிளம்புகிறது என்றால் சும்மாவா?

பேப்பரை விரித்துக் காட்டினார்கள். பேனருக்கான மாதிரி. நடுவில் இரட்டைச் சடையும் ஸ்கூல் யூனிஃபார்முமாக அந்தச் சிறுமியின் படம். மேலே சிவப்பு எழுத்தில், 'உயிருக்குப் போராடும் பிஞ்சுக்கு உதவுவீர்!'

"இதை அந்தப் பொண்ணு பார்த்தாளா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையன்களில் ஒருவன், "வாட்ஸ்அப்பிலே பார்த்துட்டா சார்" என்றான். டீச்சரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நேத்து ராத்திரி அவ அம்மாகிட்டே, 'நான் செத்துப் போயிடுவேனாம்மா?'ன்னு கேட்டிருக்கா டாக்டர்."

வாசகர்களே, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். நல்ல மனசோடு கிளம்பியவர்கள்தான் எல்லாரும். ஆனால் நடை தொடங்கும் முன்பே, யாருக்காக நடக்கிறோமோ அந்தக் குழந்தை ராத்திரி தூங்காமல் அழுதிருக்கிறது! உங்கள் தெருவிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஆபீசிலோ இப்படி ஒரு யோசனை வரலாம். வரட்டும், நல்லதுதான். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்த நோய்க்காக நடக்கிறோம் என்பது நடக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வழி நெடுக வதந்திதான் நடக்கும்.

குழந்தைகளுக்கு வரும் இந்தச் சர்க்கரை நோய்க்கு 'டைப் 1' என்று பெயர். தாத்தா பாட்டிக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. பெரியவர்களுக்கு வருவதில் இன்சுலின் சுரக்கும். அது சரியாக வேலை செய்யாது, அல்லது போதாது. குழந்தைக்கு வரும் டைப் 1-இல், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையாளி என்று நினைத்து அழித்துவிடுகிறது. சுரப்பு அநேகமாக நின்றே போய்விடுகிறது. சாப்பிட்ட சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையாக நிற்கும். உடம்புக்குள் போய்ச் சேராது.

அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, சோர்வு, படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைப்பது... இவைதான் ஆரம்ப அடையாளங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இவை தெரிந்தால் அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இது மிட்டாய் நிறையத் தின்றதால் வந்ததல்ல. கர்ப்ப காலத்தில் தாய் எதையோ சாப்பிட்டதால் வந்ததல்ல. தொட்டால் ஒட்டுவதும் அல்ல. இந்த மூன்றையும் நடைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு வீடு திரும்பினாலே, வசூலான பணத்தைவிடப் பெரிய உதவி அது.

இன்னொன்று. ஊசியை ஒழுங்காகப் போட்டு, சர்க்கரையை அளந்து பார்த்து வந்தால், இந்தக் குழந்தை படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம். 'உயிருக்குப் போராடும் பிஞ்சு' என்று போட்டது இரக்கத்தால்தான். ஆனால் அது உண்மை இல்லையே!

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்

பேச்சு நடுவில் செயலாளர் சார் என் பக்கம் குனிந்து, "டாக்டர், ஊசி ஊசின்னு ஆயுசு பூரா செலவழிக்கிறதுக்குப் பதிலா, வசூலாகிற பணத்திலே உங்க வைத்தியத்திலேயே நிரந்தரமா குணமாக்கிட முடியாதா?" என்று கேட்டார்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இந்த வைத்தியத்தில்தான் சாப்பிடுகிறேன். சிறுநீர் இனிப்பாகப் போவதைக் கவனித்து 'மதுமேகம்' என்று பேர் வைத்தவர்கள் நம் முன்னோர். ஆவாரைக் குடிநீரும், சிறுகுறிஞ்சானும், நாவல் கொட்டையும் என் வைத்தியசாலையில் இருக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையில், இடம் பார்த்து, மற்ற மருந்துகளோடு பொருத்திப் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் நான் சொன்னால் நீங்கள் நம்பலாம்: டைப் 1 குழந்தைக்கு இன்சுலினுக்குப் பதிலாகக் கொடுக்க எங்களிடம் ஒரு வேரும் இல்லை, ஒரு பஸ்பமும் இல்லை. இருக்கிறது என்று சொல்கிறவரிடம் குழந்தையைக் கொண்டு போகாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்பது வயசுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு மருந்துக்காரர், "என் பொடியைச் சாப்பிடு, ஊசியை நிறுத்து" என்று சொல்லியிருக்கிறார். ஊசியை நிறுத்தி இரண்டாம் நாள் வாந்தி, வயிற்றுவலி. மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது; மூச்சில் அழுகிய பழ வாசனை. நாடி பார்க்கக்கூட நான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் நானும் ஏறி, பெரியாஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்தேன். பையன் பிழைத்தான். "இயற்கை வைத்தியம்னா கெடுதல் பண்ணாதுன்னு நினைச்சோம் ஐயா" என்று அந்தத் தாய் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. கெடுதல் செய்தது பொடியோ இல்லையோ, ஊசி நின்றதே போதுமானதாக இருந்தது.

இன்சுலின் வருவதற்கு முன் இந்தக் குழந்தைகளின் கதி என்ன தெரியுமா? பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் ஆயுளை நீட்டுவதைத் தவிர வைத்தியமே இல்லை. கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1921-இல் பான்டிங்கும் பெஸ்ட்டும் சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதலில் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை, ஆளுக்கு 1 டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு, டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதுவே குழந்தைகள் தினம். பொருத்தமாக அமைந்த நாள்தான்!

அப்படியானால் சித்த வைத்தியனுக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு. வேளைக்குச் சாப்பாடு, அளவான உறக்கம், தினசரி உடல் உழைப்பு, வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி உண்பது... இதெல்லாம் எங்கள் நூல்கள் சொல்லும் நல்லொழுக்கம்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். பாகற்காய்ச் சாறு, கஷாயம் எது கொடுப்பதானாலும் ஊசி எழுதிக் கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

கூட்டத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். குழந்தையின் மாசத்தைக் கணக்குப் பாருங்கள்

"எவ்வளவு வசூல் பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டேன். "எவ்வளவு வருதோ வரட்டும் டாக்டர்" என்றார்கள். பெரும்பாலான இடங்களில் கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்பெண்டிசைட்டிஸ் ஆபரேஷனுக்குப் பணம் திரட்டினால் ஒரு தடவையோடு முடிந்தது. நாள்பட்ட நோய் அப்படியல்ல. நடை ஒரு காலை. ஊசியோ ஒவ்வொரு நாளும் மூன்று, நான்கு தடவை. அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். குழந்தையின் பெற்றோரோடு உட்கார்ந்து, ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்.

இன்சுலின்: உதாரணத்துக்கு 30 கிலோ எடைக் குழந்தைக்கு டாக்டர் நாளொன்றுக்கு மொத்தம் 24 யூனிட் எழுதியிருந்தால், மாசத்துக்கு 720 யூனிட். நம் ஊரில் கிடைக்கும் 10 மில்லி பாட்டிலில், மில்லிக்கு 40 யூனிட் வகையானால், 400 யூனிட் இருக்கும். ஆக 2 பாட்டில். திறந்த பாட்டிலைப் பொதுவாக 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, இரண்டு வகை இன்சுலின் தேவைப்படலாம் என்பதையெல்லாம் சேர்த்து 3 பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர வளர அளவு கூடும்.

டெஸ்ட் ஸ்டிரிப்: நாளைக்கு 4 தடவை பார்த்தால் மாசம் 120. வருஷத்துக்கு 1,460. பல வீடுகளில் ஊசியைவிட இதுதான் கையைக் கடிக்கும் செலவு.

மற்றவை: சிரிஞ்சு, விரலில் குத்தும் ஊசி, 3 மாசத்துக்கு ஒரு தடவை எச்.பி.ஏ.1சி. பரிசோதனை, டாக்டர் சொல்லும்போது கண், சிறுநீரகப் பரிசோதனை, போக்குவரத்து.

ஒவ்வொன்றுக்கும் மருந்துக் கடையில் விலை கேட்டு எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என்னென்ன தருகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டு, அதைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை 12-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகைதான் உங்கள் நடையின் இலக்கு. 'எவ்வளவு வருதோ' என்பதைவிட, 'இத்தனை ரூபாய், ஒரு வருஷத்து ஸ்டிரிப் செலவு' என்று சொன்னால் கொடுக்கிறவருக்கும் தெளிவு, வாங்குகிறவருக்கும் மரியாதை.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுக்க நினைப்பவர்கள் இன்சுலினைக் கண்டபடி வாங்கிக் குவிக்க வேண்டாம். 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட் வகையும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. மாற்றிப் போட்டால் அளவு தப்பி ஆபத்தில் முடியும். தவிர, இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில், ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீஸரில் உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குழந்தையைக் கேட்டீர்களா?

மறுநாள் டீச்சரம்மா அந்தச் சிறுமியை அம்மாவோடு என்னிடம் அழைத்து வந்தார். நான் எதுவும் விளக்கம் சொல்லவில்லை. "உனக்காக ஒரு வாக்கிங் வைக்கறாங்க. எப்படி இருந்தா உனக்குப் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு, "என் படம் வேண்டாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என்னை மேடையிலே நாற்காலி போட்டு உட்கார வைப்பாங்களாம். நான் நடக்கக் கூடாதா டாக்டர்?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைக்காக நடக்கிறோம், நடக்கிறோம் என்று பேசிய நாங்கள் யாருமே, அவளுக்கும் இரண்டு கால் இருக்கிறது என்று நினைக்கவில்லை!

அன்றைக்கே பேனரை மாற்றினோம். படம் இல்லை, பேர் இல்லை. 'டைப் 1 குழந்தைகளுக்காக நடப்போம்' என்ற வாசகமும், நீரிழிவுக்கான அடையாளமாக உலகம் முழுக்க வைத்திருக்கும் நீல வளையமும் மட்டும்.

"படம் போடாட்டி யார் சார் காசு கொடுப்பாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். தெருவும் பள்ளிக்கூடமும் ஆபீசும் தெரிந்தவர்கள்தானே. கணக்கு நேராக இருந்தால் கொடுப்பார்கள். செல்போனில் விட்ட படம் திரும்பி வராது. பணம் வசூலாகி, குழந்தை வளர்ந்து, காலேஜ் போன பிறகும் அந்தப் படம் யார் யார் கையிலோ சுற்றும். தன் நோயைப் பற்றி யாரிடம், எப்போது சொல்வது என்பது அந்தக் குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்ய வேண்டிய விஷயம். பத்து வயசில் அந்த உரிமையை நாம் பறித்துக்கொள்ளலாமா? பெற்றோர் சம்மதம் கட்டாயம். விவரம் தெரிந்த குழந்தையின் சம்மதமும் அதே அளவு கட்டாயம்.

பணம் யார் கையில்?

பத்து சென்ட் நாணயத்தால் ஒரு நோயையே எதிர்த்த கதை ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1921-இல், தமது 39-ஆவது வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கிக் கால்கள் விளங்காமல் போனவர். 1938-இல் அவர் தொடங்கிய அமைப்புக்காக, 'ஆளுக்கு ஒரு பத்து சென்ட் அனுப்புங்கள்' என்று வானொலியில் கேட்டார்கள். வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்தவை 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள்! 1950-இல் ஃபீனிக்ஸ் என்ற ஊரில் தாய்மார்கள் வீடு வீடாக வசூலுக்குப் போனார்கள். கொடுக்க விருப்பமுள்ளவர்கள் வாசல் விளக்கை ஏற்றி வைத்தால் போதும். விளக்கு எரியாத வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. இப்படிச் சேர்ந்த பணம்தான் டாக்டர் சால்க்கின் ஆராய்ச்சிக்குப் போயிற்று. அவருடைய தடுப்பூசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரலில் உலகம் அறிந்தது. அதே அமைப்பு 1970-இல் நடைப்பயணம் வைத்துப் பணம் திரட்டவும் ஆரம்பித்தது.

அந்த வாசல் விளக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கொடுக்க முடியாதவரைக் கூச வைக்காதீர்கள். 'குறைந்தபட்சம் 500' என்று போட்டால், 50 ரூபாயோடு வர நினைத்த தாத்தா வீட்டிலேயே இருந்துவிடுவார். நம் நடையில் அவர்தான் முதலில் நிற்க வேண்டியவர்.

பண விஷயத்தில் இந்த ஒழுங்குகளை விடாதீர்கள்:

ஒருவர் பேரில் வசூல் வேண்டாம். சங்கத்தின் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்கட்டும். ஒருவர் குழந்தையின் உறவினராக இல்லாதவராக இருப்பது நல்லது.

ரொக்கமானால் எண் போட்ட ரசீது. செல்போனில் ஸ்கேன் செய்யும் அட்டை வைத்தால், அது யார் கணக்குக்குப் போகிறது என்று பெரிதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இலக்குத் தொகையும் கடைசித் தேதியும் கட்டாயம் போடுங்கள். தேதி இல்லாத செய்தி வருஷக்கணக்கில் சுற்றும். நடுவில் யாராவது கணக்கு எண்ணை மாற்றிவிட்டால் பழி உங்கள் தலையில்.

வருமான வரிச் சலுகை கேட்பார்கள். அதற்கென்று பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதற்குக் கிடையாது. தெரிந்த ஆடிட்டர் ஒருவரை முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள்.

மொத்தத்தையும் மேடையில் வைத்துப் பெரிய அட்டைக் காசோலையாக நீட்டாதீர்கள். அந்த அப்பா கூனிக் குறுகி நிற்பதைப் படம் எடுக்காதீர்கள். மாசா மாசம் மருந்துக் கடைக்கு நேரே பணம் போகட்டும். அவர் வழக்கம்போல் கடைக்குப் போய் வாங்கி வரட்டும்.

நாளும் இடமும்

நவம்பர் 14 பொருத்தமான நாள் என்றேனே தவிர, நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அன்றைக்கு மழை கொட்டினால் என்ன செய்வீர்கள்? பள்ளிக்கூட ஹாலிலே ஒரு கூட்டமும் விளக்கமும் வைத்துவிட்டு, நடையைத் தை மாசத்து ஞாயிறு ஒன்றுக்கு மாற்றுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தூரம் 2, 3 கிலோமீட்டர் போதும். பாட்டியும் வர வேண்டும், பக்கத்து வீட்டு ஆறு வயசுப் பயலும் வர வேண்டும் அல்லவா? காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டுக்குள் முடித்துவிட்டால் வெயிலும் இல்லை, டிராஃபிக்கும் இல்லை. பஸ் போகும் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்காத பாதையாகப் பாருங்கள்.

இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மைதானமோ பூங்காவோ ஆனால் மாநகராட்சி, நகராட்சியில் தனியாகக் கேட்க வேண்டும். மைக் வைக்கவும் அனுமதி வேண்டும். எப்படியானாலும் காலை 6 மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது. ரோட்டோரம் பேனர் வைக்கவும் அனுமதி இல்லாமல் முடியாது. துணியில் எழுதிக் கையில் பிடித்து நடந்தால் அந்தத் தொல்லையே இல்லை, செலவும் மிச்சம்.

நடக்கிற அன்று

சர்க்கரை உள்ள குழந்தை தாராளமாக நடக்கலாம், ஓடலாம். சில முன்யோசனைகள் மட்டும் வேண்டும். அதைக் குழந்தையின் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். உடம்பு அசையும்போது சர்க்கரை இறங்கும். அதனால் வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அதேபோல், அளவு 250-க்கு மேல் இருந்து, சிறுநீரில் 'கீட்டோன்' தெரிந்தாலோ, வாந்தி இருந்தாலோ அன்று நடை கிடையாது. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நடுவில் வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே உட்கார வைத்து அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், 30 கிலோ எடைக் குழந்தைக்கு 2, 3 டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். அளக்கும் கருவி கையில் இல்லையா? சந்தேகம் வந்தாலே கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்யுங்கள்.

நிறைய நடந்த நாளில் ராத்திரி தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒரு தடவை அளந்து பார்க்க அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

குழந்தையை மட்டும் கவனித்தால் போதாது. நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடும் பெரியவர், நாலு வருஷமாக வாசல் தாண்டி நடக்காதவர், எல்லாரும் ஆர்வத்தில் வந்துவிடுவார்கள். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீரும் நாற்காலியும், கடைசியில் ஒரு காரும் இருக்கட்டும்.

தேர் நிலைக்கு வர வேண்டும்

தை மாசத்து ஞாயிறு. கொடியசைத்தேன். இரட்டைச் சடைக்காரி சிநேகிதிகளோடு நடுக்கூட்டத்தில் நடந்தாள். இவளுக்காகத்தான் இந்த நடை என்று வெளியூர்க்காரர் யாருக்கும் தெரியாது. வழியில் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் பையிலிருந்து கருவியை எடுத்து, விரலில் குத்தி, அளவு பார்த்தாள். ஒரு சின்னப் பையன் வாய் பிளந்து நின்று, "வலிக்குமாக்கா?" என்றான். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிஸ்கட் தின்று, மறுபடி நடந்தாள்.

அன்று வசூலானது எங்கள் இலக்கில் முக்கால் பங்குதான். மீதிக்கு டீச்சரம்மா ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு வீடுகள், ஆளுக்கு ஒரு மாசத்தை ஏற்றுக்கொள்வது. பங்குனி மாசம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரிய தொகை இல்லை. நாலு பேர் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற செலவு.

நெல்லையப்பர் தேரை ஆனி மாசத்தில் ஊர் கூடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கும்போது எல்லாருக்கும் உற்சாகம்தான். ஆனால் தேர் நாலு ரத வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் இழுத்தது இழுத்ததாகும். பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா?

நடை முடிந்த திங்கட்கிழமை காலையிலும் அந்தக் குழந்தைக்கு ஊசி உண்டு. அந்தத் திங்கட்கிழமைக்காக என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு டீச்சர் மேஜையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா? பரீட்சை நடுவே பிஸ்கட் சாப்பிட, பாத்ரூம் போக அவளுக்கு அனுமதி உண்டா? பிறந்த நாள் கேக்கைப் பார்த்து, "ஐயோ, அவளுக்குக் கொடுக்காதே" என்று நாலு பேர் நடுவில் சொல்லாமல், அவள் அம்மாவிடம் முன்னாலேயே அளவு கேட்டு வைத்திருக்கிறீர்களா? இதற்கெல்லாம் போலீஸ் அனுமதியும் வேண்டாம், ரசீதும் வேண்டாம்.

போன வாரம் அந்த அம்மா வைத்தியசாலைக்கு வந்திருந்தார், மாமியாரின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க. "பொண்ணு எப்படி இருக்கா?" என்றேன்.

"ஸ்கூல் ஸ்போர்ட்ஸுக்குப் பேர் கொடுத்திருக்கா டாக்டர். இருநூறு மீட்டர் ஓட்டமாம். எனக்குத்தான் பயம், அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்று சிரித்தார்.

ஓடட்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.